இஞ்சின் நின்ன சாயங்காலம்

தம்பி, அந்தக் கடைசி சீட்டுக்குப் பின்னாடி கோணி போத்தி நிறுத்தியிருக்கே, அது உங்க சோலார் பலகையா? நெனச்சேன். கைப்பிள்ளையத் தூக்கிட்டு வர்ற மாதிரி அணைச்சுப் பிடிச்சுட்டு ஏறுனீங்களே, அப்பவே நெனச்சேன். உக்காருங்க. சன்னல் பக்கம் வேணாம், இந்த மலை வளைவுல சன்னல் பக்கத்து ஆளுக்குத்தான் முதல்ல குமட்டும். காலை மட்டும் என்னோட இந்தச் சாக்கு மேல வச்சுராதீங்க. ஒண்ணுமில்ல, கண்ணாடிச் சாமான்.

மேல வீடு கட்டியிருக்கீங்களா? கரண்டு கம்பி வராத எடமா? அதான பாத்தேன். கம்பி வர்ற எடத்துல வீடு இருக்கறவன் எவனும் பலகையத் தூக்கிட்டு பஸ்ல அலையமாட்டான். எனக்கும் மேலதான். ஊத்துப்பாறை ஸ்டாப்புல எறங்கி ஒத்தையடிப் பாதையில ஏறணும். வாழை, எலுமிச்சை, நாலஞ்சு பலா, நடுவுல ரெண்டு ரூம் ஓட்டு வீடு. ரோட்டுக்கும் நமக்கும் நடுவுல காட்டிலாகா எடம் கெடக்கு, கம்பம் நட விடமாட்டாங்க. அதனால வெளிச்சத்துக்கு நாமளேதான் வழி பண்ணிக்கணும்.

சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க.

வெயில நம்பி வெளக்கா? நீங்களே யோசிங்க. வெயில் அடிக்கறப்ப வெளக்கு எதுக்கு? வெளக்கு வேணுங்கறப்ப வெயில் எங்க? இத நான் என் மச்சினன்கிட்டயே கேட்டேன். குணசீலன்னு பேரு, என் சம்சாரத்தோட தம்பி. இந்தப் பலகை மாட்டுறதுதான் அவனுக்குத் தொழில். ஷூவைக் கழட்டாமயே தோட்டத்துக்குள்ள வருவான். "பேட்டரில சேத்து வைக்கிறோம் மாமா, சிஸ்டம் பாத்துக்கும்"ங்கறான். எதுக்கெடுத்தாலும் சிஸ்டம். அவனுக்குப் பொண்ணு கெடைக்காததுக்குக் காரணம் கேட்டாலும் சிஸ்டம்னுதான் சொல்லுவான்.

என்னைத் தெரியாது உங்களுக்கு. திண்டுக்கல்லுல தர்மராசு மாவு மில்லுன்னு கேட்டுப் பாருங்க. கீழ மில்லு, மாடியில வீடு. கல்யாணமாகி வந்த நாள்லருந்து என் சம்சாரம் பாக்கியம் அந்த மாடியிலதான் குடித்தனம் பண்ணுனா. தனபாக்கியம்னு முழுப் பேரு. கரண்டு போச்சுன்னா மத்த மில்லுக்காரனெல்லாம் ஷட்டரை இறக்கிட்டு டீக்கடைக்குப் போயிருவான். நம்ம மில்லு மட்டும் ஓடும். பின்கட்டுல நம்ம ஆயில் இஞ்சின் நிக்குதுல்ல! ஹேண்டிலைப் போட்டு நாலு சுத்து சுத்துனா போதும், தெருவே அதிரும். தீவாளி நேரத்துல அரிசி மாவுக்கு வரிசை கட்டி நிக்கிற பொம்பளைங்க, "தர்மராசண்ணன் இஞ்சின் இருக்கற வரைக்கும் நமக்கு முறுக்கு உண்டு"ம்பாங்க. சும்மா சொல்லல, அப்படியே சொல்லுவாங்க. அதோட சேர்ந்தாப்ல டைனமோ ஒண்ணு மாட்டி வச்சிருந்தேன், வெளக்குக்கு. வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு முதல் மாலை அதுக்குத்தான். எனக்குப் புது வேட்டி எடுக்காத வருஷம் உண்டு, அதுக்கு மாலை போடாத வருஷம் கிடையாது.

மகன் தலையெடுத்து மில்லைப் பாத்துக்கறேன்னு சொன்னதும் பாக்கியத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உனக்கு என்ன வேணும், கேளு. இத்தனை வருஷம் என்கூட பாடுபட்டிருக்க." நகை நட்டுன்னு கேப்பான்னு பாத்தேன். "சத்தமில்லாத எடத்துல ஒரு வீடு"ன்னா. வேற ஒண்ணும் கேக்கல. வாங்கிக் குடுத்தேனா இல்லையா? எத்தனை ஆம்பளை வாங்கிக் குடுப்பான்? இந்தத் தோட்டத்தை நான் வாங்குனது அவளுக்காகத்தான், இத நல்லா கேட்டுக்கங்க. பின்னாடி நடந்ததெல்லாம் கேட்டுட்டு என்னைக் கொறை சொல்லாதீங்க.

சரி, சத்தமில்லாத எடம் வாங்கியாச்சு. வெளிச்சம் வேணும்ல? இஞ்சினைக் கொண்டாந்துட்டேன்.

சும்மா இல்ல தம்பி. ரோடு முடியற வரைக்கும் வேன்ல. அங்கேருந்து மூங்கில் கட்டி, எட்டாளு தூக்கி, வழுக்குற பாறையில ஒவ்வொரு அடியா வச்சு. பாக்கியம் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். மழைச் சாரல் படக்கூடாதுன்னு அடுப்படிச் செவுத்தை ஒட்டியே ஒரு கொட்டகை போட்டு உள்ள நிறுத்துனேன். அதுக்கு அதவிட நல்ல எடம் கிடையாது.

பொழுது சாஞ்சதும் இஞ்சினைப் போட்டுருவேன். லைட்டு, டி.வி., ஃபேன் எல்லாம் சும்மா ஜம்முனு ஓடும். நான் முன்கட்டுல கட்டில்ல உக்காந்து டி.வி. பாப்பேன். அங்கேருந்து பாத்தா அடுப்படி நேராத் தெரியும். பாக்கியம் சமைச்சுக்கிட்டே என்னமோ சொல்லுவா. வாய் அசையும். இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. அதனாலென்ன, நான் தலையை ஆட்டுவேன். ஒரு சிரிப்பும் சிரிப்பேன். அவளும் விடாம சொல்லிக்கிட்டே இருப்பா. மில்லு வீட்டுலயும் அப்படித்தான், கீழ மாவரைக்கிற கல்லு ஓடிக்கிட்டு இருக்கும், மேல அடுப்படியில இவ வாயசைச்சுக்கிட்டே தோசை ஊத்துவா. பாட்டுப் பாடுறாளாக்கும்னு நெனச்சுக்குவேன். இஞ்சினை நிறுத்துனப்பறம் எங்களுக்குள்ள பேச்சே வராது. சாப்பிட்டுப் படுத்துருவோம். அவ்வளவு ஒத்துமையான குடும்பம் தம்பி எங்களுது. ஒரு சண்டை உண்டா, சச்சரவு உண்டா?

அதைக் கெடுக்கத்தான் அந்த மச்சினன் பலகையோட வந்தான்.

அக்காளும் தம்பியும் போன்லயே எல்லாம் முடிவு பண்ணியிருக்காங்க. ஒரு நாள் காலையில பாத்தா, முத்தத்துல குழாய் நட்டு, அதுமேல வரிசையா பலகைங்களைச் சாய்ச்சு மாட்டிட்டு நிக்கிறான். என்னைக் கேக்கல. "மாமா, நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம், இது தன்னால ஓடும்"ங்கறான். ஒண்ணுமே பண்ணாம ஓடுறது ஒரு மிஷினா? எண்ணெய் கேக்காது, புகை வராது, சூடு இல்ல, சத்தம் இல்ல. ஓடுதா செத்துப்போச்சான்னு தொட்டுப் பாத்தாக்கூட தெரியாது. இருந்து என்ன, இல்லாம என்ன!

அன்னைக்குச் சாயங்காலம் நான் ஹேண்டிலை எடுத்துக்கிட்டு கொட்டகைக்குப் போறேன், பாக்கியம் குறுக்க வந்து நின்னா. "ஒரு பேச்சு"ன்னா. "சொல்லு"ன்னேன். "இந்த மழைக்காலம் முடியட்டும். கார்த்திகை தீபம் வரைக்கும் நீங்க இஞ்சினைத் தொடக்கூடாது. அதுக்குள்ள ஒரு நாள், ஒரே நாள், லைட்டு எரியாமப் போச்சுன்னா நான் பெட்டியக் கட்டிக்கிட்டு உங்ககூட மில்லு வீட்டுக்கே வந்துர்றேன். சாகுற வரைக்கும் மலைன்னு வாயெடுக்க மாட்டேன். எரிஞ்சுதுன்னா, இஞ்சின் கீழ போயிரணும்."

நான் சிரிச்சுட்டேன். உள்ளதைச் சொல்றேன், எனக்கு மில்லு வீட்டு மேல ஏக்கந்தான். இங்க யாரு இருக்கா பேச? குரங்கும் காட்டெருமையும். கீழன்னா ஆளுங்க வரும் போகும், வணக்கம் சொல்லும். மழைக்காலத்துல இந்த மலையில வெயிலைப் பாக்கறதே அதிசயம். பந்தயம் என் பாக்கெட்டுக்குள்ளன்னு நெனச்சு, "சரி"ன்னு ஹேண்டிலை ஆணியில மாட்டிட்டேன்.

ஆனா எரிஞ்சுது தம்பி. அதான் வயித்தெரிச்சல். மேகமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் எரிஞ்சுது. டி.வி.யைக் கொஞ்சமாப் பாக்கச் சொன்னா, ஃபேன் எதுக்கு குளிருலன்னா, அதெல்லாம் போக லைட்டு எரிஞ்சுது. பாக்கியம் தினமும் காலையில ஒரு ஈரத் துணியெடுத்து அந்தப் பலகையையெல்லாம் தொடைச்சு விடுவா. பேட்டரிக்குத் தண்ணி இருக்கான்னு எட்டிப் பாப்பா. அந்த வீட்டுல சாயங்காலம்னா ஒரு சத்தம் இல்ல. தவளை கத்தறது கேக்கும். பலா மரத்துல எல விழறது கேக்கும். நான் கட்டில்ல உக்காந்து செவுத்தைப் பாப்பேன். அவ அடுப்படியில வாயைத் திறக்காம சமைப்பா. நிம்மதியா இருந்தா. மூஞ்சியப் பாத்தாலே தெரியும், ரொம்ப நிம்மதியா இருந்தா. எனக்குத்தான் காது ரெண்டும் அடைச்ச மாதிரி இருக்கும்.

அந்த நேரத்துல ஆயுத பூசை வந்துச்சு. அவ தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குக் கீழ போயிருந்தா, ஒரு வாரம் கழிச்சுத்தான் வருவா. நான் தனியா. வழக்கம் போல இஞ்சினைத் தொடைச்சு, பட்டை போட்டு, பொட்டு வச்சு, மாலை போட்டேன். ஓட்டக்கூடாதுன்னுதான பேச்சு, கும்பிடக்கூடாதுன்னு இல்லையே. முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, முத்தத்துல அந்தப் பலகைங்க மொட்டை மொட்டையா நிக்குதுங்க. மனசு கேக்கல. எதிரியா இருந்தாலும் அதுவும் ஒரு மிஷின்தான? அதுக்கும் ஒரு பூசை வேணும்ல? என் நல்ல மனசைப் பாருங்க. வஞ்சகம் இருந்திருந்தா அப்படியே விட்டுருப்பேன்.

விடல. ஒவ்வொரு பலகைக்கும் இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம் வரைக்கும் விபூதிப் பட்டை. நடுவுல உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதுமேல குங்குமம். மழையில கரைஞ்சுரக்கூடாதே, அதனால இஞ்சினுக்கு வைக்கிற மாதிரியே எல்லாத்தையும் நல்லெண்ணெயில குழைச்சு வச்சேன். அதெல்லாம் மில்லுக்காரன் பழக்கம், அடுத்த பூசை வரைக்கும் அழியாது. வாழை வேற நம்ம தோட்டத்துலயே நிக்குது. கன்னு கட்டுனா என்ன கௌரவம்? கொலை தள்ளுற பருவத்து மரமாவே ரெண்டு வெட்டி, கெழக்க ஒண்ணு மேக்க ஒண்ணு அந்தக் குழாயிலேயே நிறுத்திக் கட்டுனேன். எல அப்படியே பலகைமேல குடை பிடிச்ச மாதிரி சாஞ்சு நிக்குது. கல்யாண வீடு தோத்துரும். பூசைக்குக் கட்டுன வாழையை அதுவா காஞ்சு விழற வரைக்கும் அவுக்கக்கூடாது. அது எங்க வழக்கம்.

பாக்கியம் வந்து பாத்தா. "இது எதுக்குங்க?"ன்னா. "சாமி காரியம், கை வைக்காத"ன்னேன். சாமின்னு சொன்னப்பறம் அவ தொடல. காலையில துணியை எடுத்துக்கிட்டுப் போவா, பொட்டைச் சுத்தி மட்டும் தொடைச்சுட்டு வந்துருவா.

அதுலருந்து பாருங்க, சோலாரோட சாயம் வெளுத்துருச்சு. முதல்ல லைட்டு மங்குச்சு. அப்புறம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் நிக்கல. பாக்கியம் பகல்லயே சமைச்சு வச்சுருவா, இருக்கற கொஞ்ச வெளிச்சத்தையும் செலவழிக்கக்கூடாதுன்னு ஒத்த பல்பை மட்டும் போட்டு அதுக்கடியில உக்காந்திருப்பா. தம்பிக்குப் போன் பண்ணுனா. அவன் எங்கயோ தூத்துக்குடிப் பக்கம் வேலையா இருக்கேன், வர்றேன் வர்றேங்கறான். நான் ஒண்ணும் பேசல. நான் ஏன் பேசணும்? சோலாரே பேசிருச்சே.

ஒரு நாள் சாயங்காலம் சுவிட்சைப் போட்டா பொட்டு வெளிச்சம் இல்ல. கார்த்திகைக்கு இன்னும் நாள் கெடக்கு. பாக்கியம் சுவிட்சைப் போடுறா, அணைக்கிறா, போடுறா, அணைக்கிறா. நான் எந்திரிச்சு ஆணியிலருந்து ஹேண்டிலை எடுத்தேன். "பெட்டியக் கட்டு"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன், கூட ஒரு வார்த்தை சொல்லல.

போட்டேன் பாருங்க இஞ்சினை! அத்தனை நாள் சும்மா கெடந்தும் மூணாவது சுத்துலயே பிடிச்சுக்கிச்சு. ஓடு எல்லாம் அதிருது. மரத்துல இருந்த குருவி பூரா பறக்குது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. லைட்டெல்லாம் போட்டுட்டு கட்டில்ல வந்து உக்காந்தேன். அடுப்படியில பாக்கியம் நிக்கிறா. வாயசைக்கிறா. அன்னைக்கு என்னைக்கும் இல்லாத அளவுக்கு அசைக்கிறா. கையில இருந்த கரண்டியை ஆட்டி ஆட்டி, கழுத்து நரம்பு தெறிக்க என்னமோ சொல்றா. பந்தயத்துல தோத்தவ இல்லையா, கொஞ்சம் சடஞ்சுக்கறான்னு நெனச்சேன். பெருந்தன்மையா தலையை ஆட்டுனேன். சிரிச்சேன். நான் சிரிக்கச் சிரிக்க அவ இன்னும் சொல்றா.

சந்தோசத்துல ஒண்ணு மறந்துட்டேன். டேங்குல டீசல் எவ்வளவு இருக்குன்னு பாக்கல.

பட்டுனு நின்னுபோச்சு. லைட்டு போயிருச்சு. இஞ்சின் நின்னது அவளுக்கு உடனே உறைக்கல. அந்த இஞ்சின் சத்தத்துக்கு மேல கத்திக்கிட்டு இருந்தவ, அதே தொண்டையில முடிச்சா. "முப்பத்தாறு வருசமா நான் சொன்னதுல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உன் காதுல விழுந்திருக்காடா தர்மராசு!"

எதித்த மலையில பட்டுத் திரும்பி வருது. தர்மராசு, தர்மராசுன்னு.

தம்பி, எங்க பக்கம் பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க. மகன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நர்சு அப்பா பேர் என்னன்னு கேட்டதுக்கு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, தலைமாட்டுல இருந்த மஞ்சப் பையைக் காட்டுனவ இவ. பையில மில்லு பேர் அச்சடிச்சிருக்கும், பாத்து எழுதிக்கங்கன்னு. அப்படிப்பட்டவ. பேரைச் சொல்லி, அதுவும் "டா" போட்டு. ஒரு மலையே கேக்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க. அவ என்ன சொன்னாங்கறது இருக்கட்டும். பேரைச் சொல்லலாமா?

இருட்டுக்குள்ள "என்ன சொன்ன?"ன்னு கேட்டேன். கரண்டியைக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "ஒண்ணுமில்லைங்க. சோறு வெந்துருச்சு, உக்காருங்க"ன்னா. பழையபடி "ங்க". தீக்குச்சியக் கிழிச்சு வெளக்கை ஏத்துனா. சாப்பிட்டேன். என்னத்த சாப்பிட்டேன்!

மறுநாள் பாத்து வந்து சேர்றான் குணசீலன். முத்தத்துல கால வச்சான், பலகையப் பாத்தான், தலையில கையை வச்சு உக்காந்துட்டான். "யாரு மாமா இது? இதென்ன எண்ணெய்? இதென்ன வாழை?" ஒரு பலகையில கை அகலம் நிழல் விழுந்தாக்கூட மொத்த வரிசையும் படுத்துருமாம். எண்ணெயில தூசி வேற அப்பி ஒரு பூச்சா ஆயிருச்சாம். காலையில கெழக்க நிக்கிற வாழை மறைக்குதாம், சாயங்காலம் மேக்க நிக்கிற வாழை மறைக்குதாம். பேட்டரி வாரக்கணக்கா பட்டினியாம். என்கிட்ட சொல்றான்! பொட்டு வச்சதால ஒரு மிஷின் படுத்துச்சுன்னு உலகத்துல யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா? என் இஞ்சினுக்கு முப்பத்தாறு வருசம் பொட்டு வச்சிருக்கேன், ஒரு நாள் மக்கர் பண்ணுச்சா? சாமியத் தாங்க முடியாத சனியனை வீட்டுல வச்சிருக்கலாமான்னு கேட்டேன்.

அவன் நேராப் போய் வாழையை அவுத்துப் போட்டான். சோப்புத் தண்ணியில எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவுனான். அடுத்த நாளே லைட்டு எரிஞ்சுது. அதுக்கென்ன, அன்னைக்குன்னு பாத்து வெயில். தற்செயல்.

பாக்கியம் அந்த லைட்டுக்கடியில நின்னு என்னைப் பாத்தா. கோவமா இல்ல, அதான் எனக்குப் புரியல. சாதாரணமாத்தான் சொன்னா. "நீங்க இஞ்சினைக் கூட்டிக்கிட்டுக் கீழ போங்க. நான் இங்க இருந்துக்கறேன்." கூட்டிக்கிட்டாம். என்னமோ நான் அதுக்கு வாக்கப்பட்ட மாதிரி. "பந்தயத்துல நான்தான ஜெயிச்சேன், லைட்டு எரியலையே"ன்னு கேட்டேன். "ஆமாங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க"ன்னா. ஜெயிச்சவன் கீழ போறான், தோத்தவ மேல இருக்கா. இது என்ன நியாயம்? அதே எட்டாளு, அதே மூங்கில். எறக்கறது ஏத்தறதைவிடக் கஷ்டம் தம்பி.

இப்ப நான் மில்லு வீட்டுலதான். இஞ்சின் பழையபடி பின்கட்டுல நிக்குது. கீழ கல்லு ஓடுது, ஆளுங்க வருது, வணக்கம் சொல்லுது, எல்லாம் ஆசைப்பட்ட மாதிரியேதான் இருக்கு. நேத்து நான் படிக்கட்டுல உக்காந்திருக்கேன். மருமக மேல அடுப்படியில நின்னு வாயசைக்கிறா. மகன் கீழ கல்லுப் பக்கத்துல நின்னு அண்ணாந்து பாத்து தலையை ஆட்டுறான். சிரிக்கிறான். அவனைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லலாம்னு பாத்தேன். மில்லு சத்தத்துல அவனுக்கு எங்க கேக்கப்போகுது, விட்டுட்டேன்.

சனிக்கெழமை சனிக்கெழமை மேல போறேன். வரக்கூடாதுன்னு அவ சொல்லல, அவ்வளவு மோசமானவ இல்ல. வாங்கன்னுவா. சாப்பிடுங்கன்னுவா. பேட்டரிக்குத் தண்ணி தீந்துபோச்சு, அடுத்த தடவை வாங்கிட்டு வாங்கன்னுவா. எல்லாம் "ங்க". பலகையெல்லாம் பளபளன்னு இருக்கு, லைட்டு பளிச்சுன்னு எரியுது, அந்த வீட்டுல ஊசி விழுந்தா கேக்கும். ஆனா அவ வாயசைக்கிறதில்ல. கட்டில்ல உக்காந்து அடுப்படியையே பாத்துக்கிட்டு இருக்கேன். உதடு அசையவே இல்ல தம்பி. இப்பத்தான் காது நல்லாக் கேக்குது, இப்பப் பாத்து பேச மாட்டேங்கறா.

கேட்டுப் பாத்தீங்களாங்கறீங்களா? கேட்டேன். போன வாரம் கேட்டேன். "அன்னைக்கு இஞ்சின் நின்னப்ப சொன்னியே, அதுக்கு முன்னாடி என்ன சொல்லிக்கிட்டு இருந்த?" கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா, நிமிந்துகூட பாக்கல. "அதெல்லாம் சொல்லியாச்சுங்க"ன்னா. சொல்லியாச்சாம். யார்கிட்ட சொன்ன? இஞ்சின்கிட்டயா சொன்ன? நான்தான கேக்கல!

ஒரு வார்த்தைதான் கெடைச்சிருக்கு எனக்கு. அதுவும் கடைசி வார்த்தை, என் பேரு. மத்ததெல்லாம் போச்சு. தோசை ஊத்தும்போது சொன்னது, மகன் காய்ச்சலா கெடந்தப்ப சொன்னது, அவ அம்மா செத்த சேதி வந்தன்னைக்கு அடுப்படியில நின்னு என்னமோ சொன்னாளே, அது. எல்லாத்துக்கும் தலையை ஆட்டியிருக்கேன். அன்னைக்கும் சிரிச்சிருப்பேன்னு நெனைக்கிறேன்.

சரி விடுங்க. என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? சோலார். வேஸ்டு. மாட்டறதுன்னு ஆகிப்போச்சுன்னா மாட்டிக்கங்க, உங்க தலையெழுத்து. ஆனா பொட்டு கிட்டு வச்சுராதீங்க. வாழை பக்கத்துலயே போகக்கூடாது. மச்சினன் சொன்னான்னு இல்ல. எதுக்கு வம்பு.

ஊத்துப்பாறை வரப்போகுது. தம்பி, உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். இந்தச் சாக்குல கண்ணாடிச் சாமான் இல்ல. ஜெனரேட்டர். சின்னது, பெட்ரோல்ல ஓடறது. கயித்த இழுத்தா போதும். கண்டக்டருக்குத் தெரிஞ்சா ஏத்தமாட்டான்னுதான் சாக்கைப் போத்துனேன், டேங்குல சொட்டு பெட்ரோல் இல்ல, பயப்படாதீங்க, ஸ்டாப்புக் கடையில வாங்கிக்குவேன். நேரா கொண்டுபோய் அடுப்படிச் சன்னலுக்குக் கீழ வச்சு ஓட விட்டுருவேன். இந்தத் தடவை கட்டில்ல உக்கார மாட்டேன். செவுத்தோட ஒட்டி நின்னுக்குவேன். சத்தம் இருந்தா அவ ஆரம்பிப்பா, எனக்கு நல்லாத் தெரியும், அது அவ பழக்கம். ஆரம்பிச்சதும் பட்டுனு அணைச்சுருவேன். ஒரு வார்த்தை கெடைக்கும். மறுபடி கயித்த இழுப்பேன். மறுபடி அணைப்பேன். இன்னொரு வார்த்தை கெடைக்கும்.

தூக்கி எறிஞ்சுருவாங்கறீங்களா? எறியட்டும் தம்பி. எறியறப்ப ஏதாவது சொல்லித்தான எறிவா?

டிரைவரே, ஊத்துப்பாறை எறக்கம்! தம்பி, ஒரு கை குடுங்க. அந்த ஓரத்தைப் பிடிங்க. மெதுவா, மெதுவா, படியில இடிச்சுராதீங்க. இன்னைக்கு இது ஓடியாகணும்.